போராட்டத்தின் பின்கட்டு: மாண்ட்கோமரி முதல் மெம்ஃபிஸ் வரை

முதல் நாள், புதன்: மாண்ட்கோமரி

1950, 60-களில் அமெரிக்கக் கறுப்பர்கள் இனப் பிரிவினையை எதிர்த்துப் போராடிய தெற்கு ஊர்களைப் பார்க்கும் ஆறு நாள் பயணம் இது. அட்லாண்டா விமான நிலையத்தில் கார் எடுத்தால் ஐ-85 சாலையில் மாண்ட்கோமரி சுமார் 160 மைல், இரண்டரை மணி நேரம். அலபாமா எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அது லாபம். கார் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. செல்மா பக்கம் நம்பி ஏற ஒரு பேருந்து கிடையாது. தொடங்கும் கிழமையும் முக்கியம். மாண்ட்கோமரியின் லெகசி அருங்காட்சியகம் திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். மெம்ஃபிஸ் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. பர்மிங்ஹாமில் ஞாயிறன்று தேவாலயத்தில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க முடியாது. எல்லாம் திறந்திருக்க வேண்டுமென்றால் புதன்கிழமை தொடங்குவதுதான் வழி. மாதத்தில் ஏப்ரல் அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் பகல் முழுக்க நடக்க முடியாது.

காரை நீரூற்று இருக்கும் கோர்ட் ஸ்கொயர் அருகே விட்டுவிட்டு நடக்கலாம். அடிமைகளை ஏலம் விட்ட சந்தை இருந்த இடம் இது. ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 மாலை பேருந்து ஏறியதும் இங்கேதான். அவர் கைதான இடம் இரண்டு தெரு தள்ளி, அன்றைய எம்பயர் தியேட்டர் வாசல். அந்த இடத்தில் இப்போது ட்ராய் பல்கலைக்கழகம் நடத்தும் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம் நிற்கிறது.

உள்ளே போகுமுன் பேருந்தின் இருக்கைக் கணக்கைத் தெரிந்துகொண்டால் நல்லது. மொத்தம் 36 இருக்கை. முன்னால் 10 வெள்ளையருக்கு. காலியாகக் கிடந்தாலும் கறுப்பர் உட்காரக் கூடாது. பின்னால் 10 கறுப்பருக்கு. நடுவில் உள்ள 16 ஓட்டுநர் விருப்பம். பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் பகுதியில் அல்ல, அதை ஒட்டிய முதல் நடு வரிசையில். நின்றிருந்தது ஒரே ஒரு வெள்ளையர். ஆனால் ஒரே வரிசையில் இரண்டு இனமும் உட்காரக் கூடாது என்பதால் நாலு பேரும் எழ வேண்டும் என்றார் ஓட்டுநர். மூன்று பேர் எழுந்தார்கள், பார்க்ஸ் எழவில்லை. வேறு காலி இருக்கை இல்லாதபோது யாரையும் எழுப்பக் கூடாது என்று நகரச் சட்டத்திலேயே இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அபராதம் 10 டாலர், நீதிமன்றச் செலவு 4 டாலர். முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. காசை வாங்கிக்கொண்டு, ஏறுவதற்குள் வண்டியை எடுத்துவிடும் ஓட்டுநர்களும் உண்டு.

"களைத்துப் போன தையல்காரப் பெண்" என்ற கதை பள்ளிப் பாடங்களோடு நிற்கட்டும். பார்க்ஸ் பல ஆண்டுகளாக உள்ளூர்க் கறுப்பின அமைப்பின் செயலாளராக இருந்தவர். அவர் கைதாவதற்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, 15 வயது கிளாடெட் கால்வின் இதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தார். பேருந்துப் புறக்கணிப்பு பற்றி மகளிர் அரசியல் மன்றம் 1954-லேயே மேயருக்குக் கடிதம் எழுதிவிட்டது. தலைவி ஜோ ஆன் ராபின்சன், அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். பார்க்ஸ் கைதான இரவே கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணைக்கு இருக்க, ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தார். ஒரு தாளில் மூன்று நோட்டீஸ், அச்சானதும் மூன்றாக வெட்டு. விடியும்போது பல்லாயிரம் நோட்டீஸ் கட்டுக்கட்டாகத் தயார். பள்ளிகள், அழகு நிலையங்கள், முடிதிருத்தகங்கள், மதுக்கடைகள் என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தன. கல்லூரி அரசுக் கல்லூரி. காகிதமும் மையும் அரசுச் சொத்து. பிடிபட்டால் வேலை போகும். பிரசங்க மேடைகளுக்கு முன் இந்த இயந்திரம்தான் வருகிறது என்பது எங்கள் வாதம். அதனால் இந்தப் பயணம் முழுக்க, வண்டி ஓட்டியது யார், சமைத்தது யார், ஜாமீன் கட்டியது யார் என்றுதான் கேட்டுக்கொண்டே போகப் போகிறோம்.

ஒருநாள் புறக்கணிப்பு என்றுதான் நோட்டீஸில் இருந்தது. திங்கள், டிசம்பர் 5. பேருந்துகள் கிட்டத்தட்டக் காலியாக ஓடின. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள் என்பதால் அடி நேராகக் கல்லாப்பெட்டியில் விழுந்தது. அன்று இரவு ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடிய கூட்டம் தொடர்வது என்று முடிவெடுத்தது. அன்று வைத்த கோரிக்கைகளில் இருக்கைப் பிரிவினையை ஒழிப்பது இல்லை. மரியாதையாக நடத்து, முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும் (வெள்ளையர் முன்னிருந்து, கறுப்பர் பின்னிருந்து), கறுப்பர் அதிகமுள்ள தடங்களில் கறுப்பின ஓட்டுநரை வை. அவ்வளவுதான். அதே மாநிலத்து மொபைல் நகரில் இந்த இருக்கை ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. இதற்கே நகராட்சி மறுத்ததால்தான் விஷயம் நீதிமன்றம் வரை போய் மொத்தமாக முடிந்தது.

ஆயிரக்கணக்கானவர்களை நாள்தோறும் வேலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது எப்படி? முதலில் கறுப்பினத்தாரின் டாக்சிகள், பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றின. குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியைக் காவல்துறை தூசிதட்டி எடுத்ததும் அது நின்றது. அடுத்து, 1953-ல் பேட்டன் ரூஜ் நகரில் இதே வேலையைச் செய்து பார்த்த பாதிரியார் ஜெமிசனிடம் மார்ட்டின் லூதர் கிங் யோசனை கேட்டார். அதன்படி சொந்தக் கார் வைத்திருப்பவர்களைச் சேர்த்தார்கள்; சுமார் 300 கார். காலையில் ஏற்றிவிட 48 நிலையம், மாலையில் அழைத்துவர 42. ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த தபால்காரர்கள் தடம் வகுக்க உதவினார்கள். பிறகு தேவாலயங்களின் பெயரில் பெரிய ஸ்டேஷன் வேகன்கள் வாங்கப்பட்டன. பெட்ரோலுக்கான பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்ணின் அடுப்பிலிருந்து வந்தது. அவரும் தோழிகளும் வறுத்த கோழி, கேக், பை செய்து விற்று, வாராவாரம் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு. பெயர் கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று "எங்கிருந்தும் வராத சங்கம்" என்று வைத்திருந்தார்கள்.

இது எங்கெல்லாம் அடிபட்டது என்றால், முதலில் போக்குவரத்து அபராதச் சீட்டு. 25 மைல் வேகம் அனுமதித்த இடத்தில் 30-ல் போனார் என்று கிங்கையே 1956 ஜனவரி 26 அன்று கைது செய்தார்கள். நாலு நாள் கழித்து தெற்கு ஜாக்சன் தெருவில் 309-ஆம் எண் வீட்டின் முன் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே அவர் மனைவியும் கைக்குழந்தையும். பிப்ரவரியில், 1921-ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின்கீழ் 89 பேர் மீது வழக்கு. இவை எதுவும் வண்டிகளை நிறுத்தவில்லை. நிறுத்தப் பார்த்தது காப்பீடு. உள்ளூர் நிறுவனங்கள் ஸ்டேஷன் வேகன்களின் பாலிசியைத் திரும்பத் திரும்ப ரத்து செய்தன. காப்பீடு இல்லாத வண்டி ரோட்டில் ஓட முடியாது. கடைசியில் அட்லாண்டா முகவர் ஒருவர் மூலமாக லண்டன் லாய்ட்ஸ் காப்பீடு கொடுத்தது.

குண்டு வெடித்த வீட்டை இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.


இரண்டாம் நாள், வியாழன்: மாண்ட்கோமரி, மறுபடியும்

381 நாள் புறக்கணிப்பை முடித்துவைத்த வழக்கில் ரோசா பார்க்ஸின் பெயர் இல்லை. வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே அதை வேண்டுமென்றே தவிர்த்தார். பார்க்ஸின் குற்ற வழக்கு மாநில நீதிமன்றங்களில் மேல்முறையீடாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதனால் 1956 பிப்ரவரி 1 அன்று நேராகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனி வழக்கு: ஆரேலியா பிரவுடர், கிளாடெட் கால்வின், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித். ஜூனில் மூன்று நீதிபதிகளில் இருவர் இவர்கள் பக்கம். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கார் ஏற்பாட்டுக்கே தடை கேட்டு நகராட்சி தொடுத்த வழக்கு மாண்ட்கோமரியில் நடந்துகொண்டிருந்ததும் அதே நாள்தான், தடையும் கிடைத்தது! உத்தரவு கைக்கு வரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் கார்களும் இல்லை, பேருந்திலும் ஏறுவதில்லை, நடந்தார்கள். டிசம்பர் 21 காலை பேருந்தில் ஏறினார்கள். கோர்ட் ஸ்கொயரில் பார்க்ஸ் சிலைக்குப் பக்கத்தில் அந்த நால்வருக்கும் தரையில் கல் பதித்திருக்கிறார்கள். தலை நிமிர்ந்தே நடந்தால் தவறவிடுவீர்கள்.

தெற்கு கோர்ட் தெருவில் பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையம், இப்போது ஃப்ரீடம் ரைட்ஸ் அருங்காட்சியகம். சின்ன இடம், அரை மணி போதும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளுக்கு நிலையத்து உணவகத்திலும் காத்திருப்பு அறையிலும் பிரிவினை செல்லாது என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் யாரும் நடைமுறைப்படுத்தவில்லை. அதைச் சோதிக்க 1961 மே 4 அன்று வாஷிங்டனிலிருந்து 13 பேர் கிளம்பினார்கள். மே 14 அன்று ஆனிஸ்டன் அருகே ஒரு பேருந்து எரிக்கப்பட்டது. பயணம் நின்றுபோகும் நிலையில், நாஷ்வில் மாணவர்கள் வந்து தொடர்ந்தார்கள். மே 20 அன்று இந்த நிலையத்தில் இறங்கியபோது, வழியெல்லாம் துணைவந்த காவல்துறை ஊருக்குள் வந்ததும் மாயமாகிவிட்டது. கும்பல் மட்டும் காத்திருந்தது. நவம்பர் 1 முதல் பிரிவினைப் பலகைகளை எடுக்கும்படி மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையம் உத்தரவிட்டது. கட்டடத்தின் பக்கச் சுவரைப் பாருங்கள், கறுப்பர்களுக்கென்று இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்த தடம் தெரியும்.

மதியம் முழுவதையும் லெகசி அருங்காட்சியகத்துக்கும் குன்றின் மேலுள்ள நினைவிடத்துக்கும் ஒதுக்குங்கள். டிக்கெட் 5 டாலர், எல்லா இடத்துக்கும் அதுவே. அருங்காட்சியகத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை. நினைவிடத்தில் 800-க்கும் மேற்பட்ட எஃகுப் பலகைகள், ஒவ்வொன்றும் கும்பல் கொலை நடந்த ஒரு மாவட்டம். ஆரம்பத்தில் கண் மட்டத்தில் நிற்பவை, தரை சரியச் சரியத் தலைக்கு மேல் தொங்க ஆரம்பிக்கும். நாளை போகும் லவுண்டஸ், டல்லஸ் இரண்டு மாவட்டங்களையும் இங்கே தேடிப் படித்துவிட்டுப் போனால் சாலை வேறு மாதிரித் தெரியும்.


மூன்றாம் நாள், வெள்ளி: செல்மா, 80-ஆம் எண் நெடுஞ்சாலை

பலரும் மாண்ட்கோமரியிலிருந்து வழியில் நின்று நின்று செல்மா போகிறார்கள். அது தலைகீழ். காலையில் எங்கும் நிற்காமல் செல்மா போய்விடுங்கள், ஒரு மணி நேரம். திரும்பும்போது, 1965-ல் வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்தவர்கள் போன திசையில் நின்று நின்று வரலாம். பெட்ரோலும் தண்ணீரும் செல்மாவிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், இடையில் கடைகள் குறைவு. மார்ச் முதல் வார இறுதியில் ஆண்டு விழாவுக்குக் கூட்டம் அலைமோதும், அப்போது தங்க அறை கிடைக்காது. 2023 ஜனவரி சூறாவளியில் சிதைந்த வீடுகள் ஊருக்குள் இன்னும் கண்ணில் படும்.

முதலில் பார்க்க வேண்டியது பாலம் அல்ல, டல்லஸ் மாவட்ட நீதிமன்றக் கட்டடம். வாக்காளராகப் பதிவு செய்யும் அலுவலகம் இங்கேதான் இருந்தது. மாதத்தில் இரண்டே நாள் திறக்கும். தாமதமாக வருவார்கள், நீண்ட உணவு இடைவேளை விடுவார்கள். பல பக்க விண்ணப்பம். அரசமைப்புச் சட்டம் பற்றிய கேள்விகள். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. வாக்காளரே இல்லாத இடத்தில் சாட்சிக்கு எங்கே போவது? வரிசையில் நின்றவர் பெயர் மறுநாளே முதலாளி காதுக்குப் போய்விடும். வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பர்கள் இருந்த மாவட்டத்தில் பட்டியலில் இருந்தவர்கள் 300 சொச்சம்.

ஆசிரியர்கள்தான் ஊரில் மதிப்புள்ளவர்கள். வேலை போகும் என்று அதிகம் பயந்தவர்களும் அவர்களே. 1965 ஜனவரி 22 அன்று ஃப்ரெடரிக் ரீஸ் தலைமையில் 105 ஆசிரியர்கள் இந்தப் படிகளில் ஏறினார்கள். ஷெரிஃப் ஜிம் கிளார்க் லத்தியால் இடித்துக் கீழே தள்ள, மறுபடியும் ஏறினார்கள். சிறைக்குப் போகத் தயார் என்று காட்ட ஆளுக்கொரு பல் துலக்கும் பிரஷ் கையில். வாத்தியார்களே போய்விட்டார்கள் என்றதும் மாணவர்களைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்? அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கில் கைது.

பிரவுன் சேப்பல் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு (பழுதுபார்ப்பு வேலைகளால் உள்ளே விடுவது நிச்சயமில்லை) பிராட் தெருவில் காரை விட்டு நடந்தே பாலம் ஏற வேண்டும். காரில் கடந்தால் ஒன்றும் புரியாது. எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் உயர்ந்து இறங்கும். உச்சிக்குப் போகும்வரை அக்கரை தெரியாது. மார்ச் 7 அன்று சுமார் 600 பேர், சாலையை மறித்ததாகச் சொல்லக் கூடாதே என்று, இரண்டிரண்டு பேராக நடைபாதையில் ஏறினார்கள். முன்வரிசையில் மாணவர் அமைப்பின் ஜான் லூயிஸ், கிங் அமைப்பின் ஹோசியா வில்லியம்ஸ். உச்சியில்தான் கீழே நீலச் சட்டைப் போலீஸ் வரிசை தெரிந்தது. கலைந்து போக இரண்டு நிமிடம் என்றார்கள், அதுவும் முடியும் முன்பே பாய்ந்தார்கள். கண்ணீர்ப்புகை, லத்தி, குதிரைப்படை. லூயிஸ் முதுகுப்பையில் வைத்திருந்தவை இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பல் பிரஷ், பற்பசை. 54 மைல் நடைக்கான மூட்டை அல்ல அது, சிறைக்கான மூட்டை. அவர் மண்டை உடைந்தது. படச்சுருள் விமானத்தில் நியூயார்க் போய், அன்றிரவே ஏபிசி தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்த திரைப்படத்தை நிறுத்திவிட்டு அதை ஒளிபரப்பியது. அதன் பிறகு நாடெங்கும் இருந்து ஆட்கள் செல்மாவுக்கு வண்டி ஏறினார்கள்.

மாண்ட்கோமரி வரையான நடை மூன்றாம் முயற்சியில், மார்ச் 21 அன்று, கிளம்பியது. இந்த முறை நீதிபதி ஃப்ராங்க் ஜான்சனின் உத்தரவும் மத்தியப் படைகளும் உண்டு. கிளம்பியவர்கள் சுமார் 3,200. ஆனால் லவுண்டஸ் மாவட்டத்தில் சாலை இருவழியாகக் குறுகுவதால் அந்தப் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது உத்தரவு. மீதிப் பேரை முதல் நாள் இரவே ரயிலிலும் காரிலும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இரவு தங்க இடம் கொடுத்தவர்கள் கறுப்பின நில உடைமையாளர்கள்: டேவிட் ஹால், ரோசி ஸ்டீல், ராபர்ட் கார்ட்னர். குத்தகைக்காரராக இருந்தால் மறுநாளே வெளியேற்றப்பட்டிருப்பார்கள். செல்மா தேவாலயத்தில் சமைத்து, புத்தம் புதிய தகரக் குப்பைத் தொட்டிகளில் நிரப்பி லாரியில் அனுப்பினார்கள். முதல் இரவு ஸ்பகெட்டியும் பன்றியிறைச்சி போட்ட பீன்ஸும். அத்தனை பேருக்குப் போதுமான பாத்திரம் வேறு எங்கே கிடைக்கும்? கார்ட்னர் நிலத்தில் மழையால் கூடாரத்துக்குள் சேறு கணுக்கால் வரை.

இன்று சாலை நான்கு வழி. முகாம் இருந்த ஒவ்வொரு இடத்திலும் பலகை உண்டு. நிலம் தனியாருடையது, வேலி தாண்டக் கூடாது. பாதி வழியில் லவுண்டஸ் விளக்க மையம், தேசியப் பூங்காத் துறை நடத்துவது, நுழைவு இலவசம். ஒரு மணி நேரமாவது கொடுங்கள். மாவட்ட மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் இல்லை. ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் வந்ததும் பதிவு செய்தவர்களைப் பண்ணையார்கள் குடிசையிலிருந்து விரட்டினார்கள். விரட்டப்பட்ட குடும்பங்கள் கூடாரம் போட்டு இரண்டாண்டுக்கு மேல் இருந்த இடத்தில்தான் மையம் நிற்கிறது. சட்டம் கையெழுத்தானதோடு கதையை முடித்துவிடுபவர்கள் இந்த அறையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கிழக்கே, சாலையோர மேட்டில் கம்பி வேலிக்குள் வயோலா லியூசோவுக்கு ஒரு கல். டெட்ராய்டிலிருந்து வந்து, நடைப்பயணிகளைத் தன் காரில் திரும்பக் கொண்டுவிடும் வேலையைச் செய்தவர். மார்ச் 25 இரவு இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று பகலில்தான் மாநிலத் தலைமைச் செயலக வாசலில் 25,000 பேர் கூடியிருந்தார்கள்.


நான்காம் நாள், சனி: பர்மிங்ஹாம்

ஐ-65 சாலையில் ஒன்றரை மணி நேரம். பார்க்க வேண்டியவை எல்லாம் ஒரே சந்திப்பைச் சுற்றி: கெல்லி இங்ராம் பூங்கா, 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம், சிவில் உரிமைகள் கழகம், ஒரு தெரு தள்ளி கேஸ்டன் மோட்டல்.

ஊர்க் கடைகளில் இருந்த இனப் பிரிவினையை எதிர்த்துக் கிங்கும் கூட்டாளிகளும் இங்கே நடத்திய போராட்டத்துக்கு 1963 ஏப்ரலைத் தேர்ந்தது ஈஸ்டர் வியாபாரத்துக்காக. கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடி கடைக்காரர்கள் நம்பியிருக்கும் பருவம் அது. ஆனால் போராட்டம் சோர்ந்தது. நகரம் ஜாமீன் தொகையைப் பல மடங்கு ஏற்றியது, பணம் தீர்ந்தது, வேலை போகும் பயத்தில் பெரியவர்கள் முன்வரவில்லை. பிள்ளைகளுக்கு வேலை இல்லை, வீட்டுக்கடன் இல்லை என்றார் கிங்கின் கூட்டாளி ஜேம்ஸ் பெவல். மே 2 அன்று, கறுப்பின வானொலி அறிவிப்பாளர்கள் சங்கேதமாகச் சொன்ன நேரத்தில், ஆயிரத்துக்கு மேல் மாணவர்கள் பள்ளியை விட்டு தேவாலயத்துக்கு வந்து, ஐம்பது ஐம்பது பேராகப் படியிறங்கினார்கள். சிறை ஒரே நாளில் நிரம்பியது. மறுநாள், பிடித்து வைக்க இடமில்லை என்பதால், நகரக் காவல், தீயணைப்புத் துறைகளுக்குப் பொறுப்பான புல் கானர் தீயணைப்புக் குழாயைத் திறந்தார். இரண்டு குழாய்களை ஒரே முனையில் சேர்த்து முக்காலியில் நிறுத்திய பீரங்கி மாதிரிக் கருவி. மரப்பட்டையை உரிக்கும் வேகம். பூங்காவில் பாதையின் இருபுறமும் சுவரிலிருந்து பாயும் போலீஸ் நாய்ச் சிலைகள் உண்டு, இடையில் நடந்துதான் போக வேண்டும். சிறையிலிருந்தவர்களை எடுக்க வந்த 1,60,000 டாலர் ஜாமீன் பணம் வாகன, எஃகுத் தொழிற்சங்கங்கள் கொடுத்தது. உடன்பாடு மே 10.

செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10:22. தேவாலயத்தின் பக்கப் படிக்கட்டின் கீழ் டைனமைட். இறந்த சிறுமிகள்: ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர். மூவருக்கு வயது 14, டெனிஸுக்கு 11. முதல் தண்டனை 1977-ல், கடைசி 2002-ல்.


ஞாயிறு, திங்கள்: மெம்ஃபிஸ்

ஞாயிறு பயணத்துக்கு. ஐ-22 வழியாக சுமார் 240 மைல், நாலு மணி நேரம். திங்கள் காலை லொரெய்ன் மோட்டல். 306-ஆம் எண் அறையின் மாடத்தில் மலர் வளையம் தொங்கும். 1968 ஏப்ரல் 4 மாலை 6:01-க்குக் கிங் இங்கேதான் சுடப்பட்டார். பின்னால் உள்ள அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் வேண்டும். துப்பாக்கிச் சூட்டை ஆராயும் எதிர்ப்புறக் கட்டடத்தைவிட, குப்பை லாரி நிற்கும் கூடத்தில் அதிக நேரம் நில்லுங்கள். கிங் இந்த ஊருக்கு வந்ததே அந்த லாரியால்தான்.

பிப்ரவரி 1 அன்று கொட்டும் மழையில் ஒதுங்க இடமில்லாமல் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் லாரியின் பின்பகுதிக்குள் ஏறினார்கள். குப்பையை அழுத்தும் பொறி தானாக இயங்கி அவர்களை உள்ளிழுத்துக்கொண்டது. பிப்ரவரி 12 முதல் 1,300 பேர் வேலைநிறுத்தம். "நான் ஒரு மனிதன்" என்று கறுப்பு எழுத்தில் அச்சிட்ட அட்டைகள் தயாரானது கிளேபார்ன் ஆலயத்தில். அது 2025 ஏப்ரலில் தீப்பிடித்து இடிந்துவிட்டது, வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். போராட்டக் குழுவை வழிநடத்திய ஜேம்ஸ் லாசன் 1953 முதல் மூன்றாண்டு நாக்பூரில் ஆசிரியராக இருந்து சத்தியாக்கிரக முறைகளைப் படித்தவர். நாஷ்வில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே.

மேயர் ஹென்றி லோப் கடைசிவரை முரண்டு பிடித்தது சம்பளத்துக்காக மட்டும் அல்ல. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க மாட்டேன் என்றார். கொடுத்தால் சங்கத்தை அங்கீகரித்த மாதிரி. கிங் கொலையாகிப் பன்னிரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 16 அன்று, தொழிலாளர் கடன் சங்கம் வழியாகச் சந்தா பிடிப்பது என்று வழி கண்டுபிடித்தார்கள். சம்பள உயர்வு மணிக்கு 15 சென்ட், அதுவும் இரண்டு தவணையில். நகரத்தின் ஓய்வூதியத் திட்டத்தில் அவர்கள் சேரவில்லை, கூட்டாட்சி அரசின் சமூகப் பாதுகாப்போடு சரி. வயதான பிறகு அது போதவில்லை. எழுபது, எண்பது வயதிலும் லாரியில் போனவர்கள் உண்டு. 2017-ல் உயிரோடிருந்த வேலைநிறுத்தக்காரர்களுக்குத் தலா 50,000 டாலர் தருவதாக நகரம் அறிவித்தது; பிறகு அதை 70,000 ஆக்கினார்கள்.